அந்தி சாஞ்சா பின்னாடி வாங்க: வெஸ்நோத்துல மேட்ச் ஆடுறது எப்படி

வெஸ்நோத்துல கம்ப்யூட்டரை அடிச்சு ஜெயிச்சிடுவேன், ஆனா ஆன்லைன்ல ஒரு மனுஷன்கூட உட்கார்ந்தா பத்துப் பன்னெண்டு டர்ன்ல தொடச்சு விட்டுடுறான்னு சொல்றவங்களுக்குத்தான் இது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். கம்ப்யூட்டர் முன்னாடி முன்னாடி ஓடி வந்து அடிக்கும், நாம ஒரு நல்ல இடமாப் பாத்து நின்னாலே போதும், அதுவா வந்து சாகும், அந்தப் பழக்கத்தோட மனுஷன்கிட்ட போனா அவன் பேசாம காத்திருப்பான், நாமதான் அவசரப்பட்டுப் போய் விழுவோம்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டில் ஃபார் வெஸ்நோத்னு ஒரு கேம், 2003-ல டேவிட் வைட்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, காசு ஒண்ணும் கிடையாது, இறக்கிக்கலாம். ஆறு மூலை கட்டம் போட்ட மேப், அவன் ஒரு டர்ன் நாம ஒரு டர்ன், ஓர்க், எல்ஃப், எலும்புக்கூடு, டிரேக், குள்ளன்னு கூட்டம். என் லேப்டாப்புல ரெண்டு பட்டனே கழண்டு போச்சு, அதுல கூட நல்லா ஓடுது, பெரிய கேமுக்கெல்லாம் மெஷின் வாங்கக் காசு இல்லாதவனுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

நான் இருக்கிறது மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை. போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாத்திப் பல வருஷம் ஆச்சு, எங்க வீட்டுல ஒருத்தர் வாயிலயும் அது வராது. சுத்தி எங்க பாத்தாலும் செம்பனை, பாம் ஆயில் எடுக்கிற மரம், வராம இருக்குமா, 1917-ல மலாயாவுலேயே மொத மொதல்ல வியாபாரத்துக்குனு செம்பனை நட்டது இந்தப் பக்கத்துத் தோட்டத்துலதான், அந்தத் தோட்டத்துக்குப் பேரு தென்னமரம். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னமரம்னு பேரு, சின்ன வயசுல இருந்து சிரிப்பு வரும் எனக்கு. நான் மில்லுல ஷிப்ட் வேலை, ராத்திரி ஷிப்ட் இல்லாத நாள்ல அண்ணன் மகன் மோட்டார்ல வந்துருவான், அவனுக்கு எஸ்பிஎம், பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை வருஷம், அண்ணிக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் ஏச்சு, "சித்தப்பா ஒரே ஒரு கேம் லா"ன்னு நிப்பான். அவன்கிட்ட தொடர்ந்து ஒம்போது மேட்ச் தோத்தேன். ஒம்போதும் ஒரே மாதிரி தோத்தேன்னு புரியவே எனக்கு ஒம்போது வேண்டியிருந்துச்சு.

சரி விஷயத்துக்கு வர்றேன். இந்த கேம்ல மொத எதிரி யாருன்னா, ஸ்கிரீன்ல நேரம் காட்டுற கடிகாரம். ஆறு டர்ன் சேர்ந்தா ஒரு நாள்: விடியல், காலை, மதியம், அந்தி, முதல் ஜாமம், ரெண்டாம் ஜாமம். சில ஆளுங்க லாஃபுல், பகல்ல 25 சதவீதம் கூட அடிப்பாங்க ராத்திரில 25 சதவீதம் குறைச்சல். சில ஆளுங்க கேயாட்டிக், அப்படியே தலைகீழ். எல்ஃபும் குள்ளனும் நியூட்ரல், எந்த நேரமும் ஒரே அடி. விடியலும் அந்தியும் யாருக்கும் சாதகம் இல்ல. இது எல்லாருக்கும் தெரியும், டுடோரியல்லயே சொல்லிடுவான், ஆனா தெரியுறது வேற, அதுக்குப் பயந்து நடக்குறது வேற.

எங்க பாட்டி பால் மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுன ஆளு. விடியறதுக்கு முன்னாடியே மரத்துக்குப் போயிடணும், வெயில் ஏறிட்டா பால் இறங்காது, மரம் அதேதான் கத்தி அதேதான், நேரம் தப்பிட்டா பால் பிடிக்கிற மங்கு நிறையாது. மத்தியானம் போய் கூடுதல் பலமா வெட்டுனா பால் வருமா, பட்டை புண்ணாகும் அவ்வளவுதான். வெஸ்நோத்தும் அதேதான்.

நம்பரைப் பாருங்க, அப்பதான் உறைக்கும். லாயலிஸ்ட்னு மனுஷக் கூட்டம், அதுல ஸ்பியர்மேன்னு ஈட்டிக்காரன், எடுக்க 14 காசு (கேம்ல வர்ற தங்கம்), உயிர் 36, ஒரு குத்துக்கு 7, மூணு குத்து. ஓர்க் கிரண்ட், 12 காசு, உயிர் 38, ஒரு வெட்டுக்கு 9, ரெண்டு வெட்டு. பகல்ல ஸ்பியர்மேன் 9 மூணு தடவை, கிரண்ட் வெறும் 7 ரெண்டு தடவை. ராத்திரில ஸ்பியர்மேன் 5 மூணு தடவை, கிரண்ட் 11 ரெண்டு தடவை. பகல்ல வெறும் தரையில ஸ்பியர்மேன் போய் அடிச்சா சராசரி 16 அடி குடுத்து 8 வாங்குவான். ராத்திரில கிரண்ட் வந்து அடிச்சா 13 குடுத்து 9 வாங்குவான். அதே ரெண்டு பேரு, அதே இடம். இந்தக் கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டு ராத்திரில கிரண்ட் முன்னாடி போய் நிக்கிறது வீரம் இல்ல, நான் அதைத்தான் வீரம்னு நெனச்சு ஒம்போது தடவை நின்னேன்.

அடுத்தது நிக்கிற இடம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு தரையில தப்பிக்கிற சதவீதம் இருக்கு, ஸ்பியர்மேனுக்கு வெறும் தரையில 40, காட்டுலயும் மேட்டுலயும் 50, ஊருக்குள்ளயும் கோட்டையிலயும் மலையிலயும் 60, தண்ணியில இறங்குனா 20. வில்லேஜ்னு கேம்ல போட்டிருக்கும், நான் ஊர்னுதான் சொல்லுவேன். இப்ப ராத்திரி, மூணு கிரண்ட் ஒரு ஸ்பியர்மேனைச் சுத்தி அடிக்கிறான்னு வைங்க. மொத்தம் ஆறு வெட்டு, அதுல நாலு பட்டா ஸ்பியர்மேன் காலி. வெறும் தரையில நின்னா சாகுற வாய்ப்பு 54 சதவீதம். அதே ஆளு ஊருக்குள்ள நின்னா 18 சதவீதம்தான். அதே வெறும் தரையில ஆனா ரெண்டு பேர் மட்டும்தான் அடிக்க முடியுற மாதிரி நின்னா, நாலு வெட்டும் படணும், அது 13 சதவீதம். அந்தக் கடைசி நம்பரைத் திரும்பப் பாருங்க. ஊரைவிட, பக்கத்துல ஆளு நிக்கிறதுதான் பெரிய கோட்டை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரல, பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாத்தப்புறம்தான் அண்ணன் மகன் ஏன் எப்பவும் வேலி கட்டுன மாதிரி வரிசையா வர்றான்னு புரிஞ்சுது.

வரிசைன்னா எப்படி, கட்டம் போற நேர்கோட்டுல ஆள் பக்கத்துல ஆள் நிறுத்துனா நடுவுல இருக்கிறவன் ஒவ்வொருத்தனுக்கும் முன்னாடி ரெண்டு கட்டம்தான் திறந்திருக்கும். ரெண்டு முனையிலயும் நிக்கிறவனுக்கு மூணு, நாலு திறந்திருக்கும், அதனால முனையில எப்பவும் உயிர் நிறைய இருக்கிறவனை வைங்க, இல்லாட்டி முனை ஒரு ஊர்லயோ மலையிலயோ முடியுற மாதிரி வரிசையைப் போடுங்க. வரிசை போட ஆள் பத்தலைன்னா ஸோன் ஆஃப் கண்ட்ரோல் இருக்கு, லெவல் ஒண்ணும் அதுக்கு மேலயும் இருக்கிற ஒவ்வொரு ஆளும் தன்னைச் சுத்தி ஆறு கட்டத்தையும் ஜாகா போடுவான், காவல் காப்பான், எதிரி அதுல கால் வச்சா அந்த டர்ன் அதுக்கு மேல நகர முடியாது. அதனால நடுவுல ரெண்டு கட்டம் இடைவெளி விட்டு நிறுத்துனாலும் யாரும் பின்னாடி ஓடிப் போயிட முடியாது, ஆனா மேல சொன்ன அந்த 13 சதவீதம் அப்ப கிடையாது, இடைவெளியில புகுந்து மூணு பேர் நாலு பேர் ஒருத்தனையே அடிப்பான். ராத்திரி வேலிக்கு இடைவெளி விடாதீங்க, பகல்ல ஊரைக் காவல் பாக்க மட்டும் விடுங்க. லெவல் சைபர் ஆளுக்கு இந்த ஜாகா வேலை செய்யாது, வாக்கிங் கார்ப்ஸ் எட்டுக் காசுதான்னு அதை வச்சு வேலி கட்டுனா நடுவுல நடந்து போயிடுவான். ஸ்கர்மிஷர்னு எழுதியிருக்கிற ஆளுங்களுக்கு எந்த ஜாகாவும் கிடையாது, அவனுங்க புகுந்து போயிட்டே இருப்பானுங்க.

இன்னொண்ணு, மந்திரக்காரன் அடி எந்தத் தரையில நின்னாலும் 70 சதவீதம் படும். ஊருக்குள்ள இருக்கேன்னு மேஜுக்கு முன்னாடி நிம்மதியா உட்காரக்கூடாது.

இப்ப யாரும் சரியா சொல்லித் தராத விஷயம். நீங்க மொத ஆட்டக்காரனா ரெண்டாவது ஆட்டக்காரனான்னு பாருங்க. நீங்க மொதல்ல ஆடுறவன்னா, அந்தி டர்ன்ல நீங்க ஆடி முடிச்சதும் அவனும் அந்தியிலதான் பதிலுக்கு அடிப்பான், ராத்திரி பலம் அவனுக்கு இன்னும் வரல. நீங்க ரெண்டாவதுன்னா, அந்தியில நீங்க ஆடி முடிச்ச உடனே அடுத்த டர்ன் ஆரம்பிச்சிடும், அவன் முதல் ஜாமத்து பலத்தோட வந்து அடிப்பான். அதனால ரெண்டாவது உட்கார்ந்திருக்கிற லாயலிஸ்ட்டுக்கு அந்தின்னா அது ராத்திரிதான், அதுக்குள்ள பின்னாடி வந்திருக்கணும். நான் தோத்த ஒம்போதுல பாதிக்கு மேல ரெண்டாவது சீட்டுதான். ராண்டம் ஸ்டார்ட் டைம்னு ஒரு செட்டிங் வேற இருக்கு, அது ஆன்ல இருந்தா ஆட்டம் விடியல்லதான் ஆரம்பிக்கணும்னு இல்ல, அதனால மொத வேலையா கடிகாரத்தைப் பாருங்க, அவன் ஆள் உங்களுக்கு எட்டுற தூரத்துல வர்றப்போ என்ன நேரமா இருக்கும்னு விரல் விட்டு எண்ணுங்க.

காசுக் கணக்கு அடுத்தது. யூஸ் மேப் செட்டிங்ஸ் போட்டு ஆடுனா ஆரம்பத்துல 100, ஒவ்வொரு டர்னும் சும்மா 2, ஒவ்வொரு ஊருக்கும் 2. ஆளுங்களுக்கு சம்பளம் உண்டு, லெவல் ஒண்ணு ஆளுக்கு 1, லெவல் ரெண்டுக்கு 2, தலைவனுக்கு இல்ல. ஆனா ஒரு ஊர் ஒரு லெவல் ஆளோட சம்பளத்தை ஏத்துக்கும். எட்டு ஊர் பத்து ஆள் இருந்தா, ரெண்டும் பதினாறும் பதினெட்டு, எட்டு பேர் சம்பளம் ஊருங்க பாத்துக்கும், மிச்சம் ரெண்டு பேருக்கு நீங்க குடுக்கணும், கைக்கு 16 வரும். இதுல ஒரு ஊர் அவன்கிட்ட போயிட்டா 13. ஒரு ஊருக்கு 2 தானேன்னு நெனச்சா இல்ல, 3 போகுது, அவன்கிட்டயும் ஊரைவிட ஆள் கூட இருந்தா அவனுக்கும் 2 இல்ல 3 ஏறுது. அதனால குதிரைக்காரனையும் வௌவாலையும் ஓநாய்க்காரனையும் சண்டையில விடாம பின்னாடி சுத்த விட்டு ஊர் திருடச் சொல்றது. ஒரு ஓநாய் நம்ம பின்பக்கம் பூந்துட்டா அதைத் துரத்த ரெண்டு பேரை அனுப்புறோம் பாருங்க, அப்பவே அவன் ஜெயிச்சுட்டான், முன்னாடி ரெண்டு பேர் குறைஞ்சுட்டாங்க. ஒருத்தனை ஊர்ல நிறுத்துங்க, போதும்.

அப்ப பின்வாங்குனா ஊர் போயிடுமேன்னு கேப்பீங்க. போகும். அதே எட்டு ஊர் பத்து ஆள் கணக்குல ரெண்டு ஊரை விட்டுக்குடுத்தா 16 வர்ற இடத்துல 10 வரும், ரெண்டு ஜாமத்துக்கு 12 நட்டம், அவனுக்கு ஏறுறதையும் நம்ம நட்டம் மாதிரி கூட்டுனாலும் 24-க்கு மேல போகாது. ரெண்டு ஸ்பியர்மேன் செத்தா 28. அதோட செத்தவன் திரும்ப வரமாட்டான், ஊரை விடிஞ்சதும் திரும்பப் பிடிச்சுக்கலாம். ஒரு ஊர்ல உட்கார்ந்தா ஒரு டர்னுக்கு 8 உயிர் ஏறும், நகராம சும்மா இருந்தா கூட 2, அதனால பின்வாங்குற ராத்திரி வீண் போகல, அது வைத்தியம் பாக்குற நேரம். விஷம் ஏறியிருந்தா மட்டும் கவனம், மொத டர்ன் ஊர் விஷத்தை எடுக்கும், உயிர் ஏறாது, அடுத்த டர்ன்லதான் 8 வரும், ரெண்டு டர்ன் அந்த ஊர் மாட்டிக்கிச்சுன்னு வச்சுக்கோங்க. ஓர்க் அசாசின் கத்தி எறிஞ்சிட்டே போறது அதுக்குத்தான், அவன் கொல்ல வர்றதில்ல, உங்க ஆளுங்களை ஆஸ்பத்திரியில படுக்க வைக்க வர்றான்.

எப்படிப் பின்வாங்குறதுன்னா, திரும்பி ஓடுறது இல்ல. அடிபட்டவன் மொதல்ல ஊருக்கு, நல்லா இருக்கிறவன் கடைசியா, அவன் ஸோன்ல மாட்டுனவன் இருந்தா அவனை விடுவிக்கப் போய் இன்னும் ரெண்டு பேரை மாட்ட விடாதீங்க, ஒருத்தனைக் குடுத்துடுங்க, மனசு வலிக்கும்தான். நாலஞ்சு கட்டம் தள்ளி நின்னா போதும். தரையையும் பாருங்க, ஸ்பியர்மேனுக்கும் கிரண்ட்டுக்கும் ஒரு டர்னுக்கு 5 நடை, ஆனா மேட்டுல ஸ்பியர்மேனுக்கு ஒரு கட்டத்துக்கு 2 போகும் ஓர்க்குக்கு 1-தான், மேடு வழியா ஓடுனா அவன் எட்டிப் பிடிச்சுடுவான். கன்ட்ரோல் வி அமுக்குனா எதிரி எங்கெங்க வர முடியும்னு காட்டும், ஒவ்வொரு டர்ன் முடிக்கிறதுக்கு முன்னாடியும் அமுக்கிப் பாருங்க, பனிமூட்டம் போட்ட ஆட்டத்துல கண்ணுக்குத் தெரியுற ஆளை மட்டும்தான் அது கணக்குல எடுக்கும்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

மொத டர்ன்ல யாரை எடுக்கிறதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. மேட்ச்ல ரெண்டு பேரும் ராண்டம் போட்டா அவன் எந்தக் கூட்டம்னு பாக்குற வரைக்கும் தெரியாது, அதனால ஒரே மாதிரி ஆறு பேரை எடுக்காதீங்க. லாயலிஸ்ட்டுன்னா நான் ஸ்பியர்மேன் ரெண்டு, குதிரை ஒண்ணு, மேஜ் ஒண்ணு, மேப்ல தண்ணி இருந்தா மெர்மேன் ஒண்ணு, மிச்சக் காசுக்கு என்ன வருதோ அது. அவன் முகம் தெரிஞ்சப்புறம்தான் ரெண்டாவது ரவுண்டு. எலும்புக்கூடுன்னா ஸ்பியர்மேன் எடுக்கிறதை விட்டுடுங்க, குத்து அடியில 60 சதவீதம் அதுக்கு உறைக்கவே உறைக்காது, சாதா நேரத்துல 7 அடி 3 ஆயிடும், அதுக்கு ஹெவி இன்ஃபேன்ட்ரி, கதை ஆயுதம், 11 அடி 13 ஆகும், நடைதான் ஆமை. டிரேக்னா அப்படியே எதிர், பறக்குற டிரேக் மேல குத்து 20 சதவீதம் கூட ஏறும், அதோட அது உடம்பு பெருசு, எங்க நின்னாலும் நல்லாப் படும், ஸ்பியர்மேனை நிறைய எடுங்க. ஓர்க்குன்னா கேவல்ரிமேன்னு இருக்கிற குதிரை நல்லது, வெட்டு அடியில 30 சதவீதம் தாங்கும், ராத்திரி கிரண்ட்டோட 11 அதுமேல 8-தான். தலைவனை சண்டைக்கு இழுத்துட்டுப் போயிடாதீங்க, பக்கத்து ஊர் ஒண்ணு ரெண்டைப் பிடிச்சுட்டு காசு சேரும்போது ஆள் எடுக்கிற கீப்புக்குத் திரும்பி வந்திருக்கணும், தலைவன் செத்தா ஆட்டம் முடிஞ்சுது.

பகல் வந்துருச்சு, நம்ம நேரம், இப்ப அடிக்கணும். இதுலயும் வரிசை இருக்கு. திருப்பி அடிக்க முடியாத அடியை மொதல்ல அடிங்க, கிரண்ட்டுக்குக் கையில கத்தி மட்டும்தான், தூரத்து அடி கிடையாது, அதனால வில்காரனும் மேஜும் அடிச்சா பதில் அடி வராது. எலும்புக்கூட்டுக் கூட்டத்து மந்திரக்காரன் டார்க் அடெப்ட் எதிர்ல இருந்தா நேர்மாறு, கிட்டப் போய் அடிச்சா அவன் சும்மா நிப்பான். ஆனா கொல்றது யாருன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, சண்டை போட்டா எதிரி லெவல் அளவுக்குத்தான் அனுபவம், கொன்னா லெவலுக்கு 8, லெவல் சைபரைக் கொன்னா 4. லெவல் ஏறுனா உயிர் முழுசா நிறைஞ்சுடும், சாகப் போற ஆளு புதுசா எந்திரிச்சு நிப்பான். ஒரு மேஜ் வைட் மேஜ் ஆயிட்டான்னா பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் டர்னுக்கு 8 ஏத்திட்டே இருப்பான், ஒரு நடமாடுற ஊர் மாதிரி. அதனால மேஜுக்குக் கடைசி அடி மிச்சம் வைக்கிறது நல்லது, ஆனா அதுக்காக ஸ்பியர்மேன் அடிச்சா உறுதியா சாகுற எதிரியை மேஜுக்குனு விட்டு அது தப்பிச்சுப் போனா, என்னை மாதிரி டேபிளைத் தட்டிட்டு உட்கார்ந்திருப்பீங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி வர்ற பெட்டியில டேமேஜ் கால்குலேஷன்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அதுல யார் சாக எத்தனை சதவீதம்னு முழுசாக் காட்டும், அதைப் பாக்காம அடிக்காதீங்க.

அந்த ஒம்போதாவது மேட்சைச் சொல்லிடுறேன். ஃப்ரீலேண்ட்ஸ் மேப், நான் லாயலிஸ்ட், ரெண்டாவது சீட்டு, அவன் நார்தர்னர்ஸ், ஓர்க் கூட்டம். மழை வேற கொட்டுது, லைன் வர்றதும் போறதுமா, அவன் எதிர்லயே உட்கார்ந்து மைலோ குடிக்கிறான். டர்ன் 9, மதியம், நல்ல அடி, ஒரு கிரண்ட்டைக் கொன்னேன், ஒரு ட்ரோல் வெல்ப் 9 உயிரோட நொண்டிட்டு ஓடுது. டர்ன் 10, அந்தி. எனக்கு அந்த ட்ரோல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. மூணு ஸ்பியர்மேன் ஒரு மேஜ், வெறும் தரையில, ஒருத்தனுக்கு ஒருத்தன் சம்பந்தமில்லாம பரப்பிட்டுத் துரத்துனேன், மேஜ் மூணு அடியில ரெண்டு தப்பிடுச்சு, ட்ரோல் 2 உயிரோட நிக்குது, அடுத்த டர்ன் அதுவா 8 ஏத்திக்கும், அதோட சுபாவமே அது. என்ட் டர்ன் அமுக்குனேன்.

அவன் கப்பைக் கீழ வச்சான். பனிமூட்டத்துக்குள்ள இருந்து நாலு கிரண்ட் ஒரு அசாசின் வந்துச்சு. மேஜுக்கு உயிர் 24, ராத்திரி கிரண்ட் வெட்டு மூணு பட்டா போதும், ரெண்டு கிரண்ட் அடிச்சாலே சாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. செத்தான். பக்கத்துல ஒரு ஸ்பியர்மேன் செத்தான். ரெண்டாம் ஜாமத்துல மிச்ச ரெண்டு பேரும். 62 காசு ஆளுங்க, 13 காசு ட்ரோலுக்காக. நான் "சே, என்னடா லக்கு இது, மேஜ் ரெண்டு தப்பிடுச்சுடா"ன்னு கத்துறேன், அவன் என்னை நிமிர்ந்து கூடப் பாக்கல. "சித்தப்பா, அந்தி ஆயிடுச்சுல்ல, ஏன் வந்தீங்க?"

ஏன் வந்தேன்னு எனக்கே தெரியல. அடுத்த மேட்ச்ல அந்தி வந்ததும் பல்லைக் கடிச்சுட்டு அஞ்சு கட்டம் பின்னாடி வந்தேன், ரெண்டு ஊரை விட்டேன், வேலி மாதிரி நின்னேன், ரெண்டு முனையும் ஊர்ல முடியுது. அவன் வந்தான், முதல் ஜாமம் முழுக்க நடந்தே வந்தான், ரெண்டாம் ஜாமத்துல அவனால ஒரு தடவைதான் அடிக்க முடிஞ்சுது, ஒரு ஸ்பியர்மேன் செத்தான் அவ்வளவுதான். விடிஞ்சுருச்சு. அவன் ஆளுங்க எல்லாம் என் வாசல்ல வெறும் தரையில நிக்குது, அவன் ஊருங்க எட்டுக் கட்டம் தள்ளி இருக்கு, ஓட ஆரம்பிச்சா எத்தனை பேர் போய்ச் சேருவான். காலையில ரெண்டு, மதியம் மூணு கிரண்ட். அன்னைக்கு மைலோ நான் குடிச்சேன்.

டிரேக் எடுத்தாலும் இதேதான், அவனுங்களும் பகல் ஆளுங்க, அந்தக் கூட்டத்துல இருக்கிற பல்லி ஆளுங்க மட்டும் ராத்திரி ஆளுங்க. நீங்களே ஓர்க்கோ எலும்புக்கூடோ எடுத்தா இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கோங்க, ரெண்டாம் ஜாமம் முடியும்போது எங்க நிக்கிறீங்கன்னு யோசிங்க. எல்ஃப் எடுக்கிறவனுக்குத்தான் சௌகரியம், அவனுக்கு நல்ல நேரம் எப்பவும் நம்ம கெட்ட நேரம்தான்.

ஆட்டம் முடிஞ்சதும் ரீப்ளேயை சேவ் பண்ணுங்க. தோத்ததைத்தான் பாக்கணும், ஜெயிச்சதை இல்ல. மெனுவுல ஸ்டாடிஸ்டிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, நீங்க குடுத்த அடி, வாங்குன அடி, கணக்குப்படி எவ்வளவு வந்திருக்கணும்னு பக்கத்துலயே போட்டிருக்கும். அந்த ஒம்போதாவது மேட்சை ரெண்டு நாள் கழிச்சு ஷிப்ட் முடிஞ்சு வந்து திறந்தேன், லக்கு மோசம்னு அண்ணி வரைக்கும் புலம்பி வச்சிருந்தேன்ல, அதைக் காட்டலாம்னு. நான் குடுத்த அடி கணக்கைவிடக் கொஞ்சம் கூடவே இருந்துச்சு. உங்க ரீப்ளேயைத் திறந்தா லீடர் செத்த டர்னுக்குப் போகாதீங்க, ஒவ்வொரு அந்திக்கும் போய் நிறுத்தி, நம்ம ஆளுங்க எந்தத் தரையில யார் பக்கத்துல நிக்கிறாங்கன்னு எண்ணுங்க. என்னோடது டர்ன் 10-ல நின்னுச்சு.